வீட்டை மாற்றிய தகப்பன்

(தலைப்பு: ‘சாதனைக்குப் பெரிதும் காரணம் பிறவித் திறமையா? பெற்றோர் வளர்ப்பா?’ – ‘பெற்றோர் வளர்ப்பே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ரொம்ப அழகாப் பேசினாங்க. “குயிலுக்கு யார் பாட்டு வாத்தியார்? மீனுக்கு யார் நீச்சல் வாத்தியார்? எல்லாம் பிறவி!”ன்னு கேட்டுட்டு உட்கார்ந்தாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தா தட்டத்தானே வேணும்! ஆனா எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், தங்கச்சி. மீன் நீந்தும். வாஸ்தவம். தண்ணியிலே விட்டாத்தானே நீந்தும்? தரையிலே விட்டா? (சிரிப்பு) பிள்ளைகிட்டே திறமை இருக்கா இல்லையாங்கறது ஒரு கேள்வி. அதுக்குத் தண்ணி யார் ஊத்துறதுங்கறது இன்னொரு கேள்வி. எங்க அணி அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வந்திருக்கு.

நான் தமிழ் வாத்தியார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் கூட என் மனைவி பின்னால் உட்கார்ந்தாத் தடுமாறும். அப்படிப்பட்ட நான் இன்றைக்கு ஒரு கார்ப் பந்தய வீரனைப் பற்றிப் பேசப் போறேன். ‘இவருக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?’னு நினைக்காதீங்க. சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் வலிக்கிற சம்பந்தம். பின்னால் சொல்றேன்.

என் மகள் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், சார்லட் என்கிற ஊரில் கணினி வேலையில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, “வாங்கப்பா, ஒரு மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்”னாள். நான் ஏதோ கல்யாண மண்டபம்னு நினைச்சு வேட்டி கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். (சிரிப்பு) போய்ப் பார்த்தா, நாஸ்கார் என்கிற கார்ப் பந்தயத்தின் புகழ் மண்டபம். சுவரெல்லாம் கார்.

அந்தப் பந்தயத்துக்குப் பேர் ‘ஸ்டாக் கார்’ பந்தயம். அது என்ன ஸ்டாக் கார்? 1949-இல் இந்தப் பந்தயம் தொடங்கினபோது, கடையில் விற்கிற காரையே வாங்கி ஓட்டினாங்களாம். கடையிலே ‘ஸ்டாக்’ இருக்கிற கார், அதனால ஸ்டாக் கார். இப்போ வெளியே பார்த்தாத்தான் அது குடும்பக் கார். உள்ளே ஒரே இரும்புக் குழாய்க் கூடு. கதவு திறக்காது, ஜன்னல் வழியாத்தான் உள்ளே நுழையணும். பெரும்பாலும் நீள்வட்டமான பாதை. அதிலே இடது பக்கமாவே திரும்பித் திரும்பி, மூணு மணி நேரம், நாலு மணி நேரம் சுத்துறாங்க. நான் என் மருமகன்கிட்டே, “மாப்பிள்ளை, இதைத்தானே எங்க ஊர்லே செக்கு மாடு செய்யுது?”ன்னேன். அவர், “மாமா, செக்கு மாடு மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்திலே போகாது”ன்னார். (கைதட்டல்)

அந்த மண்டபத்தில் ஒரு பெயரின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஜெஃப் கார்டன். 1971 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, கலிபோர்னியா மாநிலத்தில் வலேஹோ என்கிற ஊரில் பிறந்தவர். பந்தயத்தின் உச்ச வரிசையில் 93 வெற்றி. நான்கு முறை சாம்பியன். 2015-இல் முழுநேர ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2019-இல் அந்த மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தாங்க.

எதிரணி உடனே சொல்வாங்க, “பாத்தீங்களா, 93 வெற்றி! ரத்தத்திலே ஊறினது!”ன்னு. இங்கேதான் அவங்களைப் பிடிக்கிறேன். நடுவர் அவர்களே, இதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஜெஃப் கைக்குழந்தையா இருக்கும்போதே அவருடைய பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். ஒரு பெண், ஒரு பையன், இரண்டையும் வைத்துக்கொண்டு தாய் தனியே நின்றாள். அந்தத் தாயைப் பிறகு மணந்துகொண்டவர் ஜான் பிக்ஃபோர்ட். இந்தப் பையனைப் பந்தயத்துக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். பெற்ற தகப்பன் இல்லை, வளர்ப்புத் தந்தை. அந்தச் சொல்லிலேயே எங்க அணி பேரு இருக்கு, பாருங்க! ரத்தம், ரத்தம்னு சொல்றீங்களே, இந்த மனிதர் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. கொடுத்தது அத்தனையும் வளர்ப்பு! (பலத்த கைதட்டல்)

பையனுக்கு முதலில் சைக்கிள் பந்தயத்தில் ஆசை. மேடு பள்ளத்தில் குதித்து ஓட்டுகிற சின்ன சைக்கிள். அம்மாவுக்குப் பயம். “வேண்டவே வேண்டாம், விழுந்து கை காலை உடைச்சுக்குவான்”னு சொல்லிட்டாங்க. எந்தத் தாய்தான் சொல்ல மாட்டாள்? தகப்பன் என்ன செய்தார்? “சரிம்மா, சைக்கிள் வேண்டாம்”னு சொல்லிட்டு, ஒரு பந்தயக் காரை வாங்கிட்டு வந்துட்டார்! (சிரிப்பு) சிரிக்காதீங்க, அதிலே ஒரு நியாயம் இருக்கு. ‘குவார்ட்டர் மிட்ஜெட்’னு பேரு. குழந்தைகளுக்குன்னே செய்கிற குட்டிக் கார். தலைக்கு மேல் இரும்பு வளைவு உண்டு. இடுப்பில் பட்டை உண்டு, தலைக்கவசம் உண்டு. சைக்கிளில் இதில் எது இருக்கு? பிள்ளையின் ஆசையையும் விடாமல், தாயின் பயத்தையும் மதித்து, நடுவிலே ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்க, அதுக்குப் பேர்தான் வளர்ப்பு.

ஐந்து வயதில் தொடக்கம். ஆறு வயதில் 35 பந்தயங்களில் வெற்றி. 1979-இல், எட்டு வயதில், அந்தக் குட்டிக் கார்ப் பிரிவில் தேசிய சாம்பியன். பதின்மூன்று வயதில் ‘ஸ்பிரிண்ட் கார்’ என்கிற பெரிய வண்டிக்கு வந்தாச்சு. அறுநூறு குதிரைத் திறனுக்கு மேலே உள்ள வண்டி. பெரும்பாலும் மண் பாதையில் ஓடும். வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் வழுக்கிக்கிட்டே போகும். அந்த வழுக்கலை அடக்கி ஓட்டப் பழகணும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் வேணும்.

ஆனா ஒரு சிக்கல். கலிபோர்னியாவில் அந்தக் காரை ஓட்டப் பதினாறு வயது ஆகணும். பையனுக்கு ஆகலை. இண்டியானா மாநிலத்தில் சின்ன வயசுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். இப்போ சொல்லுங்க, நாமா இருந்தா என்ன செய்வோம்? “சரிப்பா, பதினாறு வயசு ஆகட்டும், பார்க்கலாம்.” இதுதானே? ‘பார்க்கலாம்’ங்கற அந்த ஒரு சொல்லிலே எத்தனை பிள்ளைங்க எதிர்காலத்தைக் கட்டி வச்சிருக்கோம் நாம!

ஜான் பிக்ஃபோர்ட் ‘பார்க்கலாம்’னு சொல்லலை. வீட்டையே மாற்றினார். 1980-களின் நடுவில், குடும்பத்தோடு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே கடந்து, இண்டியானாவில் பிட்ஸ்பரோ என்கிற சின்ன ஊரில் போய்க் குடியேறினார். தெரிந்த ஊரை விட்டு, பழகின மனிதர்களை விட்டு, பிழைப்பை விட்டு! யாருக்காக? தான் பெறாத ஒரு பிள்ளைக்காக!

(சிறிது இடைவெளி)

அந்த மண்டபத்திலே இந்தக் கதையைப் படிச்சு எனக்குச் சொன்னது என் மகள்தான். சொல்லிக்கிட்டே வந்தவள் இந்த இடத்தில் நிறுத்தினாள். “அப்பா, இவங்க வீடு மாத்தியிருக்காங்கப்பா” என்றாள். அவ்வளவுதான். வேறே ஒரு வார்த்தை பேசலை. எனக்குப் புரிஞ்சு போச்சு.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது நல்லா ஓடுவாள். நானூறு மீட்டர். மாவட்டத்திலே முதலாவதா வந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவளுடைய விளையாட்டு ஆசிரியர் எங்க வீட்டுக்கு வந்தார். காபி கூடக் குடிக்கலை. “ஐயா, இந்தப் பிள்ளைக்கு இங்கே ஒழுங்கா ஓட ஒரு தடம் இல்லை. சென்னைக்கு அனுப்புங்க. இல்லேன்னா நீங்களே மாற்றல் வாங்கிக்கிட்டுப் போங்க. இரண்டு வருஷம் போதும்”னார். எனக்கு அரசுக் கல்லூரி வேலை. மாற்றல் கேட்டிருக்கலாம். அதுக்கு என்ன வேணும்? ஒரு வெள்ளைத் தாள் வேணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடுத்த வருஷம் பத்தாவது வருது சார். முடியட்டும், பார்க்கலாம்.” அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கிட்டு இருந்தாள். அழலை. சண்டை போடலை. மறுநாள் பார்த்தேன், அந்த ஓட்டக் காலணி பரணிலே இருந்தது. அவளே தூக்கி வச்சிருக்கா.

இன்றைக்கு நல்லா இருக்கிறாள். நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை. குறை ஒன்றும் கிடையாது. ஆனா எதிரணி நண்பர்களே, நீங்க சொல்கிற பிறவித் திறமை என் பெண்ணுக்கும் இருந்தது. என்ன ஆச்சு? பரணுக்குப் போச்சு. இதைவிட எங்க அணிக்கு ஒரு சாட்சி வேணுமா? நானே குற்றவாளி, நானே சாட்சி. (கைதட்டல்)

ஜெஃப் கதைக்கு வர்றேன். வளர்க்கிறது ஒரு பாதி. வளர்த்த பிள்ளையை விடுறது இன்னொரு பாதி. இதிலேதான் நம்ம ஊர் அப்பாக்கள் பெரும்பாலும் தோற்கிறோம்.

இண்டியானாவுக்குப் போனது திறந்த சக்கர வண்டிகளுக்காக. அந்த வகையிலே பையன் 1990-இல் மிட்ஜெட் பிரிவு சாம்பியன். அடுத்த ஆண்டு அதற்கும் மேலே ‘சில்வர் கிரவுன்’ பிரிவு சாம்பியன். அதே பாதையிலே போக வேண்டியதுதானே? இல்லை. 1990-இல் வட கரோலினாவில் ராக்கிங்ஹாம் என்கிற இடத்தில், பழைய வீரர் பக் பேக்கர் நடத்திய பயிற்சிப் பள்ளிக்குப் போனார். ஸ்டாக் காரில் உட்கார்ந்தார். கனமான வண்டி, மூடின வண்டி, இதுவரை பழகினதுக்கு நேர்மாறான வண்டி. ஆனா மனசு அங்கே ஒட்டிக்கிச்சு. “இனி எனக்கு இதுதான்”னு முடிவு பண்ணிட்டார்.

நம்ம அப்பாவா இருந்தா என்ன சொல்லியிருப்பார்? “டேய், உனக்காக மூவாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கேன்டா! இப்ப வந்து வேறே வண்டிங்கிறியா?” (சிரிப்பு) செய்த தியாகத்துக்கு வட்டி கேட்கிறது நம்ம வழக்கம். அந்தக் குடும்பம் வட்டி கேட்கலை. பையன் கை காட்டின திசையிலே போக விட்டாங்க.

மகனைச் சபையிலே முன்னால் இருக்கும்படி செய்வதுதான் தகப்பன் கடமை என்று வள்ளுவர் சொன்னார். ஜெஃப் தன்னுடைய முதல் ஸ்டாக் கார் பந்தயத்தில், 1990 அக்டோபரில், முதல் வரிசையிலே இருந்துதான் புறப்பட்டார். அது உச்ச வரிசைக்கு அடுத்த படி. ஆனா முப்பத்து மூன்றாவது சுற்றிலே மோதி, 39-ஆவது இடம்! பிறவித் திறமை எங்கே போச்சு? விடுமுறையிலே போயிருந்துச்சா? (சிரிப்பு)

1992 மார்ச். அட்லாண்டா. இன்னும் அதே இரண்டாம் படிப் பந்தயம்தான். கார் விற்பனை நிலையங்கள் நடத்துகிற ரிக் ஹெண்ட்ரிக் என்பவர் பார்த்துக்கிட்டு இருந்தார். உச்ச வரிசையிலே பந்தய அணி வைத்திருந்தவர். ஒரு வெள்ளைக் கார் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் வழுக்கிக்கிட்டே போகுது. ‘இதோ மோதப் போறான், இதோ மோதப் போறான்’னு பார்க்கிறார். அது மோதலை. ஜெயிச்சுட்டுது. மண் பாதை வழுக்கலை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அது எங்கே வந்து நிக்குது பாருங்க! பதின்மூன்று வயசிலே மண்ணிலே வழுக்கினவன், இருபது வயசிலே தார்ச்சாலையிலே வழுக்கினால் பயப்படுவானா? பார்க்கிறவங்களுக்கு அது பிறவி மாதிரித் தெரியும். அது பழக்கம் ஐயா, பழக்கம்! அந்த மே மாதமே ஹெண்ட்ரிக் அவரைத் தன் அணியில் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வண்டியைத் தகப்பன் கவனிக்கவில்லை. அணித் தலைமை மெக்கானிக் ரே எவர்ன்ஹாம். ஓட்டும்போது வானொலியில் காதுக்குள்ளே கேட்டதும் அவர் குரல்தான், அப்பா குரல் இல்லை. அத்தனை வருஷம் கூடவே நின்ற தகப்பன், தள்ளி நின்று பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவும் ஒரு தியாகம். சொல்லப் போனா அதுதான் பெரிய தியாகம்.

1992 நவம்பர் 15, உச்ச வரிசையில் முதல் பந்தயம். 200 வெற்றி கண்ட ரிச்சர்ட் பெட்டி என்கிற மாபெரும் வீரருக்கு அன்றைக்குத்தான் கடைசிப் பந்தயம். ஒருத்தர் விடைபெற, இன்னொருத்தர் வருகிறார். வந்தவர் ஜெயிச்சாரா? மோதினார். 31-ஆவது இடம். 1993 முழுவதும் புதியவர்களில் முதல்வர் என்ற விருது கிடைச்சுது, ஆனா வெற்றி கிடைக்கலை. “இந்தப் பையன் வண்டியை உடைக்கத்தான் லாயக்கு”ன்னு ஊர் பேச ஆரம்பிச்சுது.

1994 மே 29. சார்லட். என் மகள் இருக்கிற அதே ஊர். 600 மைல் பந்தயம், 400 சுற்று. சென்னையிலேருந்து கன்னியாகுமரி போய், அங்கேயிருந்து திரும்பி மதுரை வரைக்கும் வர்ற தூரம்னு வச்சுக்குங்க, ஒரே மூச்சிலே! கடைசியா வண்டியை நிறுத்தும்போது முன்னணியிலே இருந்த ரஸ்டி வாலஸ் நாலு டயரும் மாத்தினார். எவர்ன்ஹாம், “இரண்டு போதும், கிளம்பு!”ன்னார். அந்த நேரம் மிச்சமாச்சு. ஜெஃப் ஜெயிச்சார். உச்ச வரிசையில் முதல் வெற்றி. இருபத்திரண்டு வயது. வெற்றி மேடையிலே நின்று குழந்தை மாதிரி அழுதார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6. இண்டியானாபொலிஸ். 1911-இலிருந்து ஐந்நூறு மைல் பந்தயம் நடக்கிற பாரம்பரியமான பாதை. ஸ்டாக் கார்களுக்கு அங்கே முதல் முதலாக அன்றைக்குத்தான் பந்தயம் வச்சாங்க. இரண்டரை லட்சம் பேர் கூட்டம். ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது, கூடவே முட்டி மோதிக்கிட்டு வந்த எர்னி இர்வன் வண்டியிலே டயர் காற்றுப் போச்சு. ஜெஃப் முதலாவதா வந்தார். இருபத்து மூன்று வயசு முடிஞ்சு இரண்டே நாள்!

இண்டியானாபொலிஸ் எங்கே இருக்கு தெரியுமா? அந்தத் தகப்பன் வீடு மாற்றிப் போனாரே பிட்ஸ்பரோ, அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ளே! அன்றைக்கு ஜெஃப் உள்ளூர்ப் பிள்ளையா நின்று ஜெயிச்சார். கூட்டம் ‘எங்க ஊர்ப் பையன்’னு கொண்டாடிச்சு. எப்படி அது அவர் ஊர் ஆச்சு? பிறப்பாலா? இல்லை! ஒரு தகப்பன் ஆக்கிக் கொடுத்த ஊர் அது! (பலத்த கைதட்டல்)

1995-இல் சாம்பியன். வயது இருபத்து நான்கு. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டை 34 புள்ளியிலே தாண்டினார். எர்ன்ஹார்ட் கேலியா, “இவன் ஜெயிச்சா விருந்திலே பால்தான் ஊத்துவாங்க”ன்னார். விருது விழாவில் ஜெஃப் என்ன செய்தார்? ஒரு கிளாஸ் பாலையே கையிலே எடுத்து, அந்தப் பெரியவருக்கு வாழ்த்துச் சொன்னார். கோபப்படலை, பதிலுக்கு வையலை. இந்தப் பக்குவமும் பிறவியா? சொல்லுங்க தங்கச்சி!

எதிரணி ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். “பிட்ஸ்பரோவுக்குக் குடி போன எல்லாப் பிள்ளையும் சாம்பியன் ஆயிடுமா?” ஆகாது. ஒத்துக்கறேன். திறமை வேணும். எல்லாரும் நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்புங்கன்னு நான் சொல்லலை. அந்தத் தகப்பன் முதலிலே பார்த்தார். எட்டு வருஷம் கூட நின்று பார்த்தார். பிள்ளைக்கு அதிலே ஆசை இருக்கா, திறம் இருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டார். அப்புறம்தான் வீட்டை மாற்றினார். தன் ஆசையைப் பிள்ளை தலையிலே ஏற்றுவது வளர்ப்பு ஆகாது. பிள்ளை ஆசைக்குத் தன் தோளைக் கொடுப்பதுதான் வளர்ப்பு. நடுவர் அவர்களே, தலைப்பிலே ‘பெரிதும்’னு ஒரு சொல் இருக்கு. திறமை எல்லா வீட்டிலேயும் இருக்கு. தோள்தான் சில வீட்டிலே இருக்கு. அதனால அதுதான் பெரிது.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சாச்சு. ஒரே நிமிஷம், முடிச்சுடறேன்.

என் பேத்திக்கு ஆறு வயசு. தண்ணியைக் கண்டா விடமாட்டாள். சார்லட்டில் என் மகள் தினமும் வேலை முடிஞ்சு வந்து, களைப்போட, அவளைக் காரிலே ஏற்றி, முக்கால் மணி நேரம் ஓட்டி, ஒரு நல்ல நீச்சல் பயிற்சிக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறாள். நான் ஒருநாள், “பக்கத்திலே ஏதும் இல்லையாம்மா?”ன்னேன். “இருக்குப்பா. ஆனா இங்கேதான் நல்லாச் சொல்லித் தர்றாங்க. அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வீடு மாத்திடலாம்னு இருக்கோம்”னாள்.

எதிரணி உடனே மடக்குவாங்க. “ஐயா, நீங்க சரியா வளர்க்காமலே உங்க மகள் நல்ல தாய் ஆயிட்டாங்களே!”ன்னு. (சிரிப்பு) அதுக்கும் பதில் வச்சிருக்கேன். நான் செய்யாமல் விட்டதைப் பார்த்துத்தான் அவள் செய்யக் கத்துக்கிட்டாள். தப்பான வளர்ப்பும் ஒரு வளர்ப்புத்தான். ஆனா அந்தப் பாடத்துக்கு அவள் கொடுத்த கட்டணம் அதிகம்.

இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற ஒவ்வொரு தாய் தகப்பனையும் கேட்டுக்கறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணைக் கொஞ்சம் பாருங்க. உங்க பிள்ளை ஏதாவது தூக்கி வச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா, இறக்கிக் கொடுங்க.

சாதனைக்குப் பெரிதும் காரணம் பெற்றோர் வளர்ப்பே, பெற்றோர் வளர்ப்பே! 

(நீண்ட கைதட்டல்)